குட்டிக் குதிரை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: ‘இதயம் நார்மல்’ என்ற சீட்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் குதிரை வளர்க்கிற நம் ஆட்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆடி மாதம் அந்தியூர் சந்தை கூடுவதற்கு முன்பே தரகர்கள் தோட்டம் தோட்டமாக வந்து குட்டி காட்டுவார்கள். அப்படி வந்த ஒருவர் எங்கள் தலையில் கட்டியது, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள ஒரு ஆண் குட்டி. அதற்கு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவர் ஒரு தனியார் கால்நடை மருத்துவர்.

சுழி சுத்தம், பல் சரி, கால் சரி. குட்டியின் வலது முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் என் கையை வைத்து, “எப்படி அதிருது பாருங்கண்ணா, பந்தயக் குதிரைக்கு நெஞ்சு இப்படித்தான் இருக்கும்” என்றார் தரகர். அந்த அதிர்வுதான் நோயே. நல்ல இதயம் கையில் தட்டும், விர்ரென்று நடுங்காது. இதய இரைச்சலை, அதாவது மர்மரை, மருத்துவர்கள் ஆறு படியாகப் பிரிக்கிறார்கள். கைக்கே அதிர்வு தெரிந்தால் அது மேல்படி. இதே குட்டியை முன்பு மீனாட்சிபுரம் பக்கம் ஒருவர் வாங்கி, இளைத்து இளைத்து நிற்கிறது என்று இவரிடமே திருப்பிக் கொடுத்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. ஆக, அவர் தெரிந்தேதான் விற்றார்.

மருத்துவருக்குத் தனியாகப் பணம் கொடுத்து, இதயத்தை நன்றாகப் பாருங்கள் என்று சொல்லித்தான் கூட்டி வந்தோம். இடது பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், எழுதிக் கொடுத்தார். வலது பக்கம் போகவே இல்லை. குதிரைகளுக்குப் பிறவியில் வரும் இதயக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் ஓட்டை, அதன் சத்தம் பெரும்பாலும் வலது பக்கம்தான் பலமாகக் கேட்கும். வலது முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் இழுத்து நிறுத்தி, முழங்கைக்கு உள்ளே வைத்துக் கேட்க வேண்டும். இது எல்லாக் கால்நடை மருத்துவரும் படித்துவிட்டு வருகிற விஷயம். தரகர் கூடவே ஒரு கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் நீட்டி, அரசாங்கமே சொல்லிவிட்டது என்றார். அது தொற்றுநோய்க்கான சோதனை, இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் குட்டி தீனி தின்றும் உடம்பு பிடிக்கவில்லை, கொஞ்ச நேரம் கயிற்றில் சுற்றவிட்டாலே மூச்சு வாங்கி, அடங்க வெகுநேரம் ஆனது. அதே மருத்துவரைக் கூப்பிட்டால் ஸ்கேன் எடுக்கலாம் என்றார். எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். அவர் கொண்டுவந்தது பெண் குதிரைக்குச் சினை பார்க்கிற கருவி. அதன் ப்ரோப், அதாவது உடம்பில் வைத்துப் பார்க்கிற முனை, ஆசனவாய் வழியாக உள்ளே விட்டு அருகில் இருப்பதைப் பார்க்கச் செய்தது; நெஞ்சுக்கூட்டைத் தாண்டி ஆழத்தில் உள்ள இதயத்தை அதில் ஒழுங்காகப் பார்க்க முடியாது, அதற்குக் குறைந்த அலைவரிசையில் வேலை செய்யும் வேறு ப்ரோப் வேண்டும், ரத்தம் பாயும் வேகத்தை அளக்க டாப்ளரும் வேண்டும். அதை வைத்துத் தேய்த்துவிட்டு, ஓட்டை ஒன்றும் இல்லை என்று சொல்லி எக்கோவுக்கான, அதாவது இதய ஸ்கேனுக்கான கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உண்மையான எக்கோ வேறொரு மருத்துவர் எடுத்தார். இடது கீழறையில் அழுத்தம் அதிகம் என்பதால் ரத்தம் ஓட்டை வழியாக வலப்பக்கம் போய், தேவைக்கு மேல் நுரையீரலுக்குப் பாய்ந்து, திரும்பி வந்து இடது பக்கத்தை வீங்க வைக்கிறது என்று திரையிலேயே காட்டினார். வளர்ந்த குதிரையில் ஓட்டை 2.5 செ.மீ.க்குள் இருந்து, அதன் வழியே ரத்தம் வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல் சீறினால் வேலைக்கே பழக்கலாம் என்பார்கள். குட்டியாக இருந்தால் பெருநாடியின், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. எங்களுடையது பாதிக்கு மேல். சத்தத்தை மட்டும் வைத்து ஓட்டையின் அளவைச் சொல்ல முடியாது. குழாய் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுகிற மாதிரி, சின்ன ஓட்டைதான் பல நேரம் பெரிய சத்தம் போடும்.

இதைப் படித்துவிட்டு மர்மர் என்றாலே பயந்து குட்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள், அதற்கென்றே காத்திருக்கும் ஆட்களும் உண்டு. பிறந்த முதல் சில நாளில் குட்டிக்கு இரைச்சல் கேட்பது சகஜம், தாய் வயிற்றில் திறந்திருந்த ரத்தக்குழாய் மூடக் கொஞ்சம் நாளாகும். காய்ச்சல், ரத்தசோகை இருந்தாலும் கேட்கும். நல்ல ஆரோக்கியமான இளங்குதிரைக்கு இடது பக்கம் லேசாகக் கேட்பதும் உண்டு. எதுவானாலும் எக்கோ எடுத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். வேப்பேரி, மண்ணுத்தி மாதிரி கால்நடைக் கல்லூரி உள்ள இடங்களில், குதிரைக்கு எக்கோ எடுப்பார்களா என்று முதலில் போனில் கேட்டுவிட்டு வண்டி ஏற்றுங்கள்.

ஓட்டை அடைய சூரணம் இருக்கிறது, ஊசி இருக்கிறது என்று ஒருவர் வந்தார். ஓட்டையை மூடுகிற மருந்து எதுவும் கிடையாது, இதயம் திணறும்போது நீர் இறக்கவும் சிரமத்தைக் குறைக்கவும்தான் மருந்து.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் நோய் வந்தது என்கிறார் தரகர். பிறவி ஓட்டை வீடு மாறினால் வராது. எக்கோ அறிக்கை, அந்தச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இந்தக் கோளாறு பரம்பரையாகவும் வரலாம் என்று மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள், ஆனால் அதே தாய்க்குதிரை போட்ட அடுத்த குட்டியையும் இந்தத் தரகர் இப்போது வேலந்தாவளம் பக்கம் காட்டிக்கொண்டிருக்கிறார். உங்களிடம் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், முதலில் வலது பக்கம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.