சைக்கிள் உடை 'முழு செட்' வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

அரை மாதச் சம்பளம் போச்சு. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓட்டுவது வேலைக்குப் போக 4 கிலோமீட்டர், வர 4 கிலோமீட்டர், அவ்வளவுதான். இத்தனை நாள் சாதாரண சட்டை பேன்ட்தான். உட்காரும் இடத்தில் வலி என்று, சைக்கிள் உடை மட்டும் விற்கும் ஒரு ஆன்லைன் கடையின் சாட்டில் கேட்டேன். பேசியவருக்கு அவ்வளவு பொறுமை. இடுப்பளவு, பாத அளவு, சைக்கிள் மாடல் எல்லாம் விசாரித்துவிட்டு, "நானும் தினமும் ஓட்டுறவன்தான் சார், தைரியமா வாங்குங்க" என்றார். அந்த ஒரு வரியில் விழுந்தேன். உட்காரும் இடத்தில் பேட் (மெத்தை) வைத்த ஷார்ட்ஸ், ஜெர்சி, பெடலோடு மாட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ, அதற்கான பெடல். அரை மாதச் சம்பளம்!

ஷூவின் அடியில் 3 துளை. பெடலோடு வந்த கிளீட்டுக்கு (ஷூவின் அடியில் திருகி, பெடலில் மாட்டும் துண்டு) 2 துளை. இரண்டும் வேறு முறை, சேரவே சேராது. ஷார்ட்ஸில் பேடைத் தைக்கவே இல்லை, வெறும் பசை. இரண்டாவது சலவையில் ஓரம் பிரிந்து கயிறு மாதிரி சுருண்டுவிட்டது. அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினேன் பாருங்கள், பழைய வலியே தேவலாம்.

புகார் செய்தால் "படம் அனுப்புங்கள்". அனுப்பினேன். "48 மணி நேரம் பொறுங்கள்". பொறுத்தேன். அப்புறம், ஷார்ட்ஸ் உடம்போடு ஒட்டிப் போடுவதாம், திரும்ப வாங்க மாட்டார்களாம். ஷூ? பெட்டியைப் பிரித்துவிட்டேனாம். பிரிக்காமல் துளையை எப்படி எண்ணுவது? அந்தப் பொறுமைசாலியைக் கேட்டால், "அவர் இப்போது இந்தப் பிரிவில் இல்லை". இன்று காலை புகாரை அவர்களே மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று என்னிடமே கேட்கிறார்கள்.

கொடுமை என்னவென்றால், பக்கத்து வீட்டுப் பையன் ஒரு அறுகோணச் சாவியால் (அலன் கீ) சீட்டின் மூக்கைத் துளி இறக்கினான். வலி பாதிக்கு மேல் போய்விட்டது.

எதை வாங்கலாம், எது வேண்டாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. கிட்டத்துத் தூரத்துக்குச் சாதாரண உடையே போதும், ஜீன்ஸின் தடித்த தையல்தான் உறுத்தும். செயின் பக்கத்துப் பேன்ட் காலை மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். ஹெல்மெட், விளக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மணிக்கணக்கில் ஓட்டுபவர்கள் பேட் ஷார்ட்ஸ் வாங்கலாம், உள்ளாடை இல்லாமல் போட வேண்டியது அது. தையலைப் பாருங்கள், துளையை எண்ணுங்கள். கடையோடு பேசிய சாட் உரையாடலை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னுடையதைத் திறந்தால் இப்போது வெறும் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது.