கொழும்பா, பேராதனையா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும், எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்ற இந்தக் கேள்வி கொழும்பு வெள்ளவத்தை வீடுகளில் எழும். பரீட்சைப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளிதான் முடிவு செய்யும். ஆனாலும் விருப்ப வரிசையை நாம்தானே எழுதவேண்டும்!

இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். 1942இல் கொழும்பில் பிறந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் போனது. இரண்டிலும் முதற்பட்டம் இலவசம். பொறியியல், மிருக வைத்தியம் என்றால் பேராதனை. கொழும்பில் அந்தப் பீடங்கள் இல்லை. சட்டம் என்றால் கொழும்புதான் என் தெரிவு, பக்கத்திலேயே நீதிமன்றங்கள்.

கொழும்பு கம்பஸ் நகரத்துக்குள் சிதறிக் கிடக்கிறது. ரீட் அவெனியூவில் கலைப் பீடம், கின்சி வீதியில் தேசிய வைத்தியசாலையோடு ஒட்டி மருத்துவ பீடம். விரிவுரை முடிந்ததும் பஸ் பிடித்து அம்மாவின் சோற்றுக்கு வந்துவிடலாம். நல்லதுதான், ஆனால் கம்பஸ் வாழ்க்கை பின்னேரத்தோடு முடிந்துவிடும்.

பேராதனை வேறு உலகம். ஹந்தானை மலை, மகாவலி ஆறு, விடுதி. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினால் சரசவி உயன நிலையத்தில் கம்பஸ் வாசலிலேயே இறங்கலாம். விடுதிகளில் இரண்டுக்கு நம்மவர் பெயர்: அருணாசலம், இராமநாதன். மேலே குறிஞ்சிக் குமரன் கோவில். வெள்ளிக்கிழமை அங்கே ஏறிப்போகும் சுகம் தனி. மழையும் அட்டையும் உண்டு, சரி, அதையும் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வருமானம் தேடவேண்டிய பிள்ளைக்குக் கொழும்பு. பகுதிநேர வேலையும் டியூஷனும் இங்கேதான் கிடைக்கும். மற்றவர்களை நான் மலைக்கே அனுப்புவேன்.