லிஃப்ட் உட்சுவருக்கு எந்த ஸ்டீல் ஃபினிஷ்?

உள்ளங்கை அளவு மாதிரித் தகடாக மேசையில் கிடக்கும்போது எந்த ஃபினிஷும், அதாவது தகட்டின் மேற்பரப்புக்குத் தரும் மெருகும், அழகாகத்தான் இருக்கும். சாமான் வண்டி ஒன்று இடித்துவிட்டுப் போன பிறகு எப்படி இருக்கும், அந்தக் கீறலை அங்கேயே வைத்துச் சரிசெய்ய முடியுமா என்பதை வைத்துத்தான் லிஃப்டுக்குத் தேர்வு செய்ய வேண்டும்.

மிரர் ஃபினிஷ், அதாவது 8ஆம் நம்பர், சின்ன கேபினைப் பெரிதாகக் காட்டும். ஆனால் ஒவ்வொரு விரல் பட்டதையும் காட்டிக்கொடுக்கும். தகடு மெலிதாக இருந்தாலோ சமமாக ஒட்டாமல் போனாலோ முகம் நெளிந்து தெரியும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பயனில்லை, அது மங்கலாகத் தனியே நிற்கும்.

உண்மையான போட்டி 4ஆம் நம்பருக்கும் ஹேர்லைனுக்கும்தான். இரண்டுமே மெல்லிய கோடுகள் போட்ட, பளபளப்பு குறைந்த ரகம். 4ஆம் நம்பரில் கோடுகள் குட்டையாக, விட்டுவிட்டு ஓடும். ஹேர்லைனில் தகட்டின் முழு நீளத்துக்கும் அறுபடாமல் போகும். பார்வைக்கு ஹேர்லைன் ஒரு படி மேல், சந்தேகமில்லை. ஆனால் குறுக்கே ஒரு சாவி உரசினால் போதும், பளிச்சென்று தெரியும். நடுவில் தேய்த்துச் சரிசெய்தால் நீளக்கோடு அங்கே அறுந்துவிடும். 4ஆம் நம்பரில் சிறு கீறலை, கோடு போகும் திசையிலேயே தேய்ப்பு நாரை ஓட்டி ஏறக்குறைய மறைத்துவிடலாம். இரும்பு நார் மட்டும் கூடாது. அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். இன்னொன்று, ஒரே ஒரு தகட்டைத் திசை மாற்றிப் பொருத்தினாலும் விளக்கு வெளிச்சத்தில் அது வேறு நிறம் போலத் தெரியும். பாதுகாப்பு உறையில் உள்ள அம்புக்குறியைப் பொருத்துபவர் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

லினன் (துணி நெசவு போன்ற வடிவம்) போன்ற புடைப்பு வடிவத் தகடுகளைப் பழைய பாணி என்று பலர் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீறலும் கைரேகையும் அந்த மேடுபள்ளத்தில் கரைந்துவிடும், தகட்டுக்கு விறைப்பும் கூடும். பெரிய அடி விழுந்து ஒடுங்கினால் மட்டும் தகட்டையே மாற்ற வேண்டியதுதான்.

தங்கம், கறுப்பு நிறங்களில் வரும் பிவிடி (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும்) பூச்சு கடினமானது, ஆனால் மிக மெல்லியது. கீறல் அதைத் தாண்டி இறங்கினால் அடியில் உள்ள வெள்ளை ஸ்டீல் எட்டிப்பார்க்கும். அதைத் தொட்டுச் சரிசெய்ய வழியில்லை. நிறமும் தொகுப்புக்குத் தொகுப்பு சற்று மாறும், அதனால் உபரித் தகட்டையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

கடலோரமென்றால் ஃபினிஷுக்கு முன்னால் கிரேடை, அதாவது ஸ்டீலின் கலவை ரகத்தைப் பாருங்கள். மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 கிரேட், உப்புக்காற்றை 304ஐவிட நன்றாகத் தாங்கும். குளோரின் கலந்த துப்புரவுத் திரவத்தை எந்த கிரேடிலும் தவிர்க்க வேண்டும்.

நான் தேர்வு செய்தால் கைப்பிடிக்குக் கீழே லினன், மேலே பக்கச் சுவர்களும் பொத்தான் பலகையும் 4ஆம் நம்பர். மிரர் பின்சுவரின் மேல்பாதியில் மட்டும். சக்கர நாற்காலியை உள்ளே திருப்ப முடியாதவர் பின்னோக்கி வெளியேறும்போது, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அதில்தான் பார்க்க முடியும்.