பழைய ஹைலக்ஸை 2 அங்குலம் உயர்த்தினேன்: ஒரு மாரியும் ஒரு அறுவடையும் ஓடிய பிறகு

எங்களிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் பிக்கப், மொடல் எல்என்106. 2.8 லீட்டர் 3எல் டீசல் என்ஜின், முன் அச்சும் பின் அச்சைப் போல ஒரே தண்டு, நான்கு சில்லுக்கும் வில்லுத் தகட்டு ஸ்பிரிங். அப்பா வாங்கிய வாகனம். விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்கச் சொன்னவர்கள் நிறையப் பேர், ஆனால் 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய பிக்கப்புகளின் விலையே எங்கேயோ போய்விட்டது, 2025இல் திரும்பத் திறந்தபோதும் வரியோடு சேர்த்துச் சொன்ன விலை எங்களைப் போன்ற வயல்காரருக்கு எட்டுகிற விலையாக இருக்கவில்லை. ஆகவே இருப்பதையே வடிவாகத் திருத்தி வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம்.

வீடு முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில், வயல் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே. பெரிய வீதியெல்லாம் இப்போது கார்ப்பெட், குறை சொல்ல ஒன்றுமில்லை. வாய்க்கால் கரையில் இறங்கிய பிறகுதான் கரைச்சல். மாரியில் உழவு இயந்திரங்கள் பெட்டியோடு ஓடி ஓடி இரண்டு பக்கமும் ஆழமான தடம் விழுந்துவிடும், நடுவில் மண் திட்டாக எழும்பி நிற்கும், காலபோக அறுவடை வருவதற்குள் அந்தத் திட்டு வெயிலில் காய்ந்து சீமெந்து மாதிரி இறுகிவிடும். எங்கள் வாகனத்தின் டிஃப், அதாவது அச்சின் நடுவில் பந்து மாதிரித் தொங்கும் கியர்க் கூடு, அதில் உரசாத நாளே இல்லை. மூடை ஏற்றி வந்தால் சைலன்சர் குழாயும் சேர்ந்து உரசும். 2018 டிசம்பர் வெள்ளத்தோடு போன கிரவல் சில இடங்களில் பழைய மட்டத்துக்கு வரவே இல்லை.

முதலில் செய்த பிழையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பலரும் செய்கிறார்கள். வவுனியாவில் ஒரு கராஜில், ஸ்பிரிங்கின் ஒரு நுனியைச் சசியோடு (வாகனத்தின் அடிச்சட்டத்தோடு) இணைக்கிற ஷக்கிளை நீளமாகப் போட்டு, பின் ஸ்பிரிங்கில் லொறித் தகடு இரண்டைக் கூடுதலாகச் சொருகி, அரை நாளில் உயர்த்தித் தந்தார்கள். காசும் குறைவுதான். ஆனால் நெடுங்கேணி வழியாக வீடு வந்து சேர்வதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இந்த மொடலில் முன் ஷக்கிள் ஸ்பிரிங்கின் முன் நுனியில் இருக்கிறது, அதை நீளமாக்கினால் அச்சு முன்பக்கமாகச் சரிந்து காஸ்டர் கோணம் குறைந்துவிடும், சில்லுத் தானாக நேருக்குத் திரும்புவது அந்தக் கோணத்தால்தான். பின்பக்கமோ வெறுமையாக ஓடும்போது குதிரை மாதிரி உதைத்தது. வேறு வாகனத்துக்கு வளைத்த தகடு மற்றத் தகடுகளோடு பொருந்தி உட்காராது, பாரம் முழுவதும் ஒரு இடத்தில் விழும், எங்களுக்கு நான்காம் மாதமே மூலத் தகடு, அதாவது மேலே இருக்கும் முழு நீளத் தகடு, வெடித்தது. முன் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்தித் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்டியரிங் உள்ள அச்சில் கட்டை வைக்கவே கூடாது, அது நழுவினால் ஆள் தப்புவது கஷ்டம்.

அதன் பிறகு கிளிநொச்சியில் ஒரு மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் வாகனத்துக்குக் கீழே போகவே இல்லை. அளவு நாடாவை எடுத்து, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் நான்கு மூலையிலும் அளந்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, வருசத்தில எத்தனை நாள் மூடை ஏத்துறீர்?”

“எல்லாம் சேத்து மூண்டு கிழமை வரும் அண்ணை.”

“அப்ப மிச்ச நாள்?”

“அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போறது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விடுறது.”

“பாரத்துக்கெண்டு வாற ஸ்பிரிங்கைப் போட்டால் அந்த மிச்ச நாள் முழுக்க அம்மாதான் அடி வாங்கப் போறா.”

என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் கொடுத்த கூலி முழுவதும் தகும். நான் அதுவரை எத்தனை அங்குலம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன், எத்தனை கிலோ என்று யோசிக்கவில்லை. நல்ல கம்பனிகள் ஒரே உயரத்துக்கு வெவ்வேறு பாரத்துக்கான ஸ்பிரிங் விற்கின்றன: வெறும் வாகனத்துக்கு, நடுத்தரப் பாரத்துக்கு, எப்போதும் பாரத்தோடு ஓடுகிறவர்களுக்கு. நான் ஏற்றுவது மூடைக்கு 65 கிலோ வீதம் 12 மூடை, 780 கிலோ. ஆனால் அது மூன்று கிழமைக்கு மட்டும். ஆகவே நடுத்தரம் எடுத்தேன், அறுவடையில் 8 மூடையாகக் குறைத்துக் கூடுதல் நடை ஓடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அளவிலும் ஒரு விஷயம் விளங்கியது. 30 வருடம் பாரம் தாங்கிய தகடு தொய்ந்துதான் இருக்கும். வெடித்த தகட்டையும் நீள ஷக்கிளையும் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதிகம் பாரம் ஏற்றாத இன்னொரு எல்என்106க்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்தபோது எங்களுடையது 4 சென்ரிமீற்றர் தாழ்வு. சாரதி பக்கம் அதிலும் தாழ்வு. கம்பனி 2 அங்குலம் என்று சொல்வது புது வாகனத்தின் உயரத்திலிருந்து. ஆகவே 2 அங்குல ஸ்பிரிங் பூட்டிய பிறகு எங்களுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர். 4 அங்குலம் வேண்டும் என்று நிற்கிறவர்கள் தயவுசெய்து முதலில் தங்கள் வாகனத்தை அளந்து பாருங்கள். 4 அங்குலத்துக்குப் போனால் அச்சைச் சுழற்றுகிற புரொப்பல்லர் தண்டின் கோணம், ஸ்டியரிங் கம்பியின் கோணம், பிரேக் ஹோஸின் நீளம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்.

இந்த ஹைலக்ஸ் அவுஸ்திரேலியாவில் நிறைய ஓடியது, அதனால் நல்ல சாமான்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான்: ஓல்ட் மேன் எமு, டொபின்சன்ஸ், அயன்மேன், டஃப் டோக். நான் எடுத்தது ஓல்ட் மேன் எமு ஸ்பிரிங்கும் அதே கம்பனியின் நைற்ரோசார்ஜர் ஷொக் அப்சோர்பரும். ஷொக்கைத் தனியாக வேறு எங்காவது மலிவாக எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், ஸ்பிரிங் விறைப்புக்குப் பொருந்தாத ஷொக் போட்டால் செலவழித்த காசின் பாதி வீண். கொழும்பில் வாங்கினேன், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டும் ஸ்பிரிங் நுனிக்குள் போடுகிற றப்பர் புஷ்ஷும் பெட்டியில் இல்லாமல் வந்து, அதற்குத் தனியாகக் காத்திருக்க வேண்டி வந்தது, வாங்கும்போதே பெட்டியைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நல்ல கறவை மாட்டின் விலை. லேசான காசில்லை.

பூட்ட இரண்டு நாள் போனது. பழைய போல்ட்டுகள் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து ஒட்டிப்போய் இருந்ததால் நான்கைந்தை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்த அண்ணை செய்த சில வேலைகளை எழுதி வைக்கிறேன், உங்கள் கராஜிலும் கேட்டுச் செய்விக்க உதவும். யூ போல்ட் எல்லாம் புதிது, பழையதைத் திரும்பப் போடவில்லை. ஸ்பிரிங் கண்ணின் போல்ட்டையும் ஷக்கிள் போல்ட்டையும் ஜக்கில் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி இறுக்கு இறுக்கவில்லை, வாகனத்தைத் தரையில் இறக்கி பாரம் சில்லில் விழுந்த பிறகுதான் இறுக்கினார், இல்லையென்றால் றப்பர் புஷ் முறுகியபடியே நின்று கெதியில் கிழிந்துவிடும். அச்சை முழுவதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தார், பின் ஹோஸ் இழுபட்டது, மாற்றினோம்.

முக்கியமாக ஒன்று. பின் அச்சுக்கும் சசிக்கும் இடையில் ஒரு கம்பியோடு பிரேக் வால்வு ஒன்று இருக்கிறது, வாகனம் பாரத்தில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். உயர்த்தியவுடன் அந்த வால்வு வாகனம் எப்போதும் வெறுமையாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும், மூடை ஏற்றி வரும்போது பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். வவுனியாவில் உயர்த்தியவர்கள் இதைத் தொடவே இல்லை. அந்த நான்கு மாதத்தில் மூடை ஏற்றிய நாளெல்லாம் அப்படியே ஓடியிருக்கிறேன் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது. கம்பியின் தாங்கியை உயரத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி, வெறுமையாகவும் பாரத்தோடும் பிரேக் அடித்துப் பார்த்துத்தான் வாகனத்தைக் கையில் தந்தார். 500 கிலோமீற்றர் ஓடிவிட்டு வரச் சொன்னார், போனேன், யூ போல்ட் ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கியது.

இப்போது ஓட்டம். ஏ9இல் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரைக்கும் ஸ்டியரிங் நேராக நிற்கிறது. வெறுமையாக ஓடினால் இன்னும் விறைப்புத்தான், வில்லுத் தகட்டு வாகனம் கார் ஆகாது, ஆனால் அந்த உதைப்பு இல்லை, ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஒரு தரம் அசைந்து அடங்கிவிடுகிறது. 8 மூடையோடு இன்னும் நன்றாக இருக்கிறது. வளைவில் கொஞ்சம் சாய்கிறது, அதற்கு வேகத்தைக் குறைக்கப் பழகிவிட்டேன்.

ஆனால் ஸ்பிரிங் உயர்த்துவது சசியையும் மேல்கூட்டையும்தான், டிஃப்பை ஒரு மில்லிமீற்றர் கூட உயர்த்தாது, அது அச்சோடு இருப்பது. டிஃப் உயர வேண்டுமென்றால் ரயர் பெரிதாக வேண்டும். உயர்த்தியதால் கிடைத்த இடத்தில் 205ஆர்16 ரயரைக் கழற்றிவிட்டு, சின்ன லொறிகளுக்குப் போடும் 7.50-16 போட்டோம். விட்டம் 73 சென்ரிமீற்றரிலிருந்து 80 அளவுக்கு வந்தது, ஆகவே டிஃப் உயர்ந்தது அதில் பாதி, மூன்றரைச் சென்ரிமீற்றர். நடுத்திட்டில் உரசல் நின்றது இதனால்தான். விலையாக, என்ஜினுக்குப் பாரம் கூடியிருக்கிறது, ஏற்றத்தில் முன்னையை விட ஒரு கியர் முந்தியே மாற்ற வேண்டியிருக்கிறது, மீற்றர் 60 காட்டினால் உண்மையில் 65க்கு மேல் ஓடுகிறோம். கையில் காசு குறைவாக இருந்தால், மட்கார்டில் முட்டாத அளவுக்கு ரயரையும் நல்ல ஷொக்கையும் முதலில் மாற்றுங்கள், ஸ்பிரிங் பிறகு.

உயர்ந்துவிட்டது என்று தண்ணீருக்குள் துணிந்து இறங்கவும் வேண்டாம். சூடான டிஃப் தண்ணீருக்குள் போனால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், ஒயில் பால் மாதிரி ஆகிவிடும். அந்தக் குழாயை என்ஜின் பக்கமாக மேலே இழுத்துக் கட்டுவது மிகச் சின்னச் செலவு. அதே மாதிரி, உயரமாக இருக்கிறது என்று தடம் இல்லாத காட்டுக்குள் விடாதீர்கள், எங்கள் மாவட்டங்களில் கண்ணிவெடிப் பலகை நிற்கிற இடம் இன்னும் இருக்கிறது.

குறைகள்: செம்மண் புழுதி ஷக்கிளுக்குள் போய்க் கிறீச்சிடுகிறது, மாதம் ஒருக்கால் கிரீஸ் அடிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற முடியவில்லை, இரண்டாம் நாளே படி ஒன்று ஒட்டுவித்தேன், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடை தூக்குகிற அண்ணன்மாருக்கு ஒவ்வொரு மூடையும் முன்னையை விட ஒரு சாண் கூட உயர்த்த வேண்டியிருக்கிறது, அவர்கள் வாய்விட்டே சொன்னார்கள், இப்போது வரம்போடு சாய்த்து நிறுத்தித்தான் ஏற்றுகிறோம்.

முன்பக்கம் வில்லுத் தகட்டுக்குப் பதிலாக டோர்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புக் கம்பி, உள்ள பிக்கப் வைத்திருப்பவர்கள், பழைய மிட்சுபிஷி எல்200, 1990களின் கடைசியில் வந்த ஹைலக்ஸ் மாதிரி, நான் சொன்னதை அப்படியே எடுக்க வேண்டாம். அந்தப் பாரை முறுக்கி உயர்த்தித் தருவதாகச் சொல்வார்கள், செலவும் இல்லை, ஆனால் சில்லுக் கீழே இறங்குகிற தூரம் குறைந்து, பந்து மூட்டும் அச்சு மூட்டும் கெதியில் தேயும்.

கழற்றிய பழைய தகடுகளை இரும்புக்காரருக்குப் போடவில்லை. ஊர்க் கொல்லரிடம் கொடுத்தேன், இரண்டு காட்டுக்கத்தியும் ஒரு கோடரியும் அடித்துத் தந்தார், மிச்சம் இன்னும் அவருடைய பட்டறையில் கிடக்கிறது.