சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பழைய டவுன்: போகும் வழி, திரும்பும் வழி

ஈப்போ பழைய டவுனுக்கு ஐந்துக்கு ஐந்து மார்க் கொடுப்பேன். அங்கிருந்து சாயங்காலம் வீடு திரும்பும் வழிக்கு இரண்டுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, ஊக்கு, ஜரிகை பார்டர் எல்லாம் ஈப்போ லிட்டில் இந்தியாவில்தான் எடுப்பேன். தூரம் சுமார் 30 கிலோமீட்டர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கூட வரும் அத்தை, என் மாமியார், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவி உழைத்தவர், இப்போது முட்டி வலி. ரயிலையும் பஸ்ஸையும் நம்பிப் போகிற இரண்டு பெண்களின் கணக்கு இது. கார் உள்ளவர்களுக்கு வேறு மாதிரி தெரியலாம்.

போகும்போது ரயில்தான் நல்லது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்சார ரயில் விட்ட பிறகு, எங்கள் ஊரிலிருந்து ஈப்போவுக்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை. இடிஎஸ் என்கிற அந்த மின்சார ரயிலின் டிக்கெட்டைக் கைப்பேசியிலேயே ஐசி (அடையாள அட்டை) எண் போட்டு எடுத்துவிடலாம். 60 வயது தாண்டிய மலேசியர்களுக்குப் பாதிக் கட்டணம். ஆனால் எல்லா ரயிலும் எங்கள் ஊரில் நிற்பதில்லை. பள்ளி விடுமுறை வந்தால் கோலாலம்பூர், பினாங்கு பயணிகளே இருக்கையை நிரப்பிவிடுகிறார்கள்.

ஈப்போ ஸ்டேஷனில் இறங்கியதும் அவசரப்பட்டு வெளியே ஓடாதீர்கள். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1917-இல் திறந்த கட்டடம் அது. வெள்ளைக் கும்மட்டமும் நீளத் தாழ்வாரமுமாக நிற்கும். எதிரே இருக்கும் டவுன் ஹாலும் அவர் கைவண்ணம்தான். அத்தை அந்தத் தாழ்வார நிழலில் கொஞ்சம் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டால்தான் மேலே நடப்பார்.

1985-இல் ஈய விலை விழுந்த பிறகு இந்தப் பக்கம் எப்படிக் கிடந்தது என்று அவர்தான் சொல்வார். "கடைங்க ஒவ்வொண்ணா கதவைச் சாத்திருச்சும்மா. பொழுது சாய்ஞ்சா ஆளு நடமாட்டமே இருக்காது" என்பார். இன்று லோரோங் பங்லிமா என்ற சந்தில் வார இறுதியில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. 2014-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் சுவர்களில் வரைந்த படங்களைத் தேடி இளைஞர்கள் வெயிலில் சுற்றுகிறார்கள். எனக்குப் பிடித்தது படங்களைவிட, பழைய கடைவீடுகளை இடிக்காமல் விட்டு வைத்திருப்பது. கூரையைச் சரிசெய்து, ஜன்னலுக்குச் சாயம் அடித்து, உள்ளே வியாபாரம் நடக்கிறது. அதே தெருக்களில் இன்னும் சாதாரண கோப்பிக் கடைகளும் இருக்கின்றன. வெள்ளைக் கோப்பியும் ரொட்டி பாக்காரும் (வாட்டிய ரொட்டி) சொல்லிப் பசியாறினோம், மனசு நிறைந்தது. ஒரு குறை, கடை முன் நடைபாதையான அஞ்சடியில் மேசை நாற்காலியைப் பரப்பி, மோட்டார் சைக்கிளையும் நிறுத்தி வைக்கிறார்கள். முட்டி வலிக்காரர் ஒவ்வொரு முறையும் ரோட்டில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. இதை மாநகர் மன்றம் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

லிட்டில் இந்தியா, ஜாலான் லஹாட் பக்கம். சுற்றுலாக்காரர் கூட்டம் இங்கே குறைவு. இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல: கல்யாணச் சேலை, பூஜைச் சாமான், பிள்ளைக்குக் காதுகுத்துத் தோடு. நான் துணி எடுக்கும் கடையில் அண்ணன் துணியை நறுக்கிக்கொண்டே சொன்னார்: "அஞ்சு மணிக்கு மேல உங்க ஊர் ஆளுங்க ஒருத்தரும் இல்ல தங்கச்சி. பஸ்ஸைப் பிடிக்க ஓடிடுறாங்க. கடையைத் திறந்து வச்சு என்ன பண்ண?"

அவர் சொன்னது அப்படியே உண்மை. தோட்டங்கள் சுருங்கி, லயத்து (தோட்ட வரிசை வீட்டு) சனமெல்லாம் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்டது. அவர்களில் பல வீடுகளில் ஒரே மோட்டார் சைக்கிள்தான், அதுவும் மகன் வேலைக்கு எடுத்துப் போய்விடுவான். அவர்கள் வந்தால்தான் இந்தக் கடைகளுக்கு வியாபாரம். பழைய டவுனை உயிர்ப்பிப்பது என்றால் பெயின்ட் அடிப்பதோடு இவர்களை வரவழைப்பதும் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாங்கள் திரும்பிய நாளில் ரயில் நேரம் ஒத்துவரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நேர அட்டவணை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. யாரைக் கேட்டாலும் "வரும்" என்றார்கள். அத்தை துணிப் பையின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து வந்த பஸ்ஸிலும் நெரிசல். நல்லவேளை, ஒரு மலாய்ப் பள்ளி மாணவி எழுந்து இடம் கொடுத்தாள்.

சம்பந்தப்பட்டவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. நிறுத்தத்தில் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். சனி, ஞாயிறில் கடைசி பஸ்ஸை இரவுச் சாப்பாட்டு நேரம் வரை தள்ளி வையுங்கள். உட்கார ஒரு பெஞ்சு போடுங்கள்.

போக நினைப்பவர்கள் காலை ரயிலில் போங்கள். சாமானை முதலில் வாங்கிக்கொண்டு, சுவர்ப்படத் தெருவைக் கடைசிக்கு வையுங்கள். நேரம் போதாவிட்டால் அதை விட்டுவிடலாம். தீபாவளிக்குத் துணி எடுக்கிறவர்கள் போக வர இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.