கழற்றித் தூக்கும் கேரியரா, காரோடு நிற்கும் சீட்டா?

கைக்குழந்தைக்குக் கார் சீட் வாங்கும்முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும்: முதல் வருடத்தில் குழந்தை எத்தனை கார்களில் ஏறும்?

பிரசவம் தாய்வீட்டில் என்றால் விடை சீக்கிரம் கிடைத்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு மாமாவின் காரில், தடுப்பூசிக்குக் கால் டாக்ஸியில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஊர் திரும்பும்போது அப்பாவின் காரில். ஆறு மாதத்துக்குள் மூன்று கார் ஆகிவிட்டது. தனிக்குடித்தனம், ஒரே கார், பிரசவமும் இருக்கும் ஊரிலேயே என்றால் கணக்கே வேறு. எந்த வகை சீட் என்பதை விலையைவிட, பிராண்டைவிட இந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது.

கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. முதலாவது, கைப்பிடி வைத்த கேரியர். குழந்தையோடு சேர்த்துக் காரிலிருந்து தூக்கிக்கொண்டு போகலாம். பழைய ஐரோப்பிய விதியான ஆர்44 முத்திரை இருந்தால் பிறந்ததிலிருந்து 13 கிலோ வரை. புதிய ஆர்129 (ஐ-சைஸ்) முத்திரை இருந்தால் எடைக்குப் பதில் உயரம், பெரும்பாலும் 40 முதல் 85 அல்லது 87 செ.மீ. வரை. இரண்டாவது, கன்வெர்டிபிள். காரில் ஒருமுறை பொருத்தினால் அங்கேயே நிற்கும். முதலில் பின்னோக்கியும் (குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்க), பிறகு முன்னோக்கியும் வைத்து 18 கிலோ வரை, சில மாடல்களில் அதற்கு மேலும் பயன்படுத்தலாம்.

சரியாகப் பொருத்தினால், பின்னோக்கி வைத்திருக்கும்வரை பாதுகாப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி 0.1 வினாடியில் நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் 4 கிலோ குழந்தை 55 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு முன்னால் இழுபடும். மடியில் வைத்திருப்பவரின் கை அதைத் தாங்காது. பின்னோக்கிய சீட்டில் அந்த விசை முதுகு, தலை, கழுத்து மூன்றிலும் பரவி சீட்டின் ஓட்டில் (கெட்டியான வெளிக்கூட்டில்) இறங்குகிறது. பச்சிளம் குழந்தையின் உடலில் தலைதான் பாரம், கழுத்து எலும்பு இன்னும் முற்றவில்லை; அதனால்தான் பின்னோக்கி. வித்தியாசம் எங்கே என்றால், எந்த சீட்டை எங்கே தவறாகப் பொருத்துவோம் என்பதில்.

கேரியரில் பிசகும் இடங்கள்

பேஸ் (காரிலேயே பொருத்தி வைக்கும் அடித்தட்டு) இல்லாத கேரியரை ஒவ்வொரு முறையும் கார் பெல்ட்டால் கட்ட வேண்டும். இடுப்பு பெல்ட் குழந்தையின் கால்களுக்கு மேலாக, இரு பக்க நீலக் கொக்கிகள் வழியாகப் போகும். தோள் பெல்ட் சீட்டின் முதுகுப்புறத்தைச் சுற்றி, பின்னாலிருக்கும் நீலக் கொக்கியில் நுழையும். நீலம் என்றால் பின்னோக்கிப் பொருத்தும் பாதை. சிவப்பு முன்னோக்கிப் பொருத்த. அவசரத்தில் தோள் பெல்ட்டையும் முன்பக்கமாகவே இழுத்து மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி மாட்டினால் மோதும்போது கேரியர் சுழன்று எகிறும்.

இன்னொரு சிக்கல் பெல்ட்டின் நீளம். இந்தச் சுற்றுப்பாதைக்கு நீளமான பெல்ட் வேண்டும். சில கார்களின் பின்சீட்டில் அது எட்டாது. பழைய கார்களில் நடு சீட்டுக்கு வெறும் இடுப்பு பெல்ட்தான் இருக்கும், அதில் கட்டவே கூடாது. ஆகவே கடையில் பணம் கொடுக்கும் முன் கேரியரைக் காரில் வைத்து பெல்ட்டைச் சுற்றிப் பார்ப்பது அவசியம். டாக்ஸியில் இந்தச் சோதனையை முன்கூட்டிச் செய்ய வழியில்லை. வண்டி வந்தபின் கிளம்பும்முன் மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். ஆட்டோவில் பெல்ட்டே கிடையாது, அங்கே கேரியர் வெறும் கூடைதான்.

பேஸ் வாங்கினால் வேலை பாதியாகக் குறையும். பேஸ் காரில் நிற்கும், கேரியர் 'கிளிக்' என்று மேலே உட்காரும். ஆனால் பேஸ் தனி விலை, இன்னொரு காருக்கு இன்னொரு பேஸ். மூன்று கார் குடும்பத்துக்கு இது கட்டாது. அவர்கள் பெல்ட்டாலும் கட்டக்கூடிய கேரியரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சில கேரியர்கள் பேஸில் மட்டுமே உட்காரும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் ஓடும்போது கைப்பிடி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் அது நிமிர்ந்து நின்றால்தான் மோதித் திரும்பும் அதிர்ச்சியைத் தாங்கும், சிலவற்றில் பின்னால் மடக்க வேண்டும்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் கேரியரின் கவர்ச்சி, ஆபத்தும் அதில்தான் ஒளிந்திருக்கிறது. தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோய், வாரைத் தளர்த்தி, கட்டில் மேலோ டைனிங் டேபிள் மேலோ வைத்துவிடுவார்கள். மேஜையிலிருந்து விழுவது ஒன்று. தளர்ந்த வார் கழுத்தில் சிக்குவது இன்னொன்று. சாய்வு சரியில்லாமல் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுக்குழல் அடைவது மூன்றாவது, சத்தமே வராது. வண்டி நின்றதும் குழந்தையை எடுத்துத் தொட்டிலிலோ பாயிலோ மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஓடும்போதும் முதல் வாரங்களில் அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி எடுப்பது நல்லது. பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேண்டாம். ஐந்தாம் மாதத்தில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் குடும்பம் 460 கி.மீ. பயணத்தில் குறைந்தது நான்கு நிறுத்தங்களைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அந்த வசதியின் ஆயுளும் குறைவு. கேரியர் 4 கிலோ, ஏழு மாதக் குழந்தை சுமார் 8 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஒரு கையில் 12 கிலோவைத் தொங்கவிட்டு ஏறிப் பாருங்கள். சிசேரியன் ஆனவருக்கு முதல் வாரங்களில் குழந்தையைவிடக் கனமாக எதையும் தூக்க வேண்டாம் என்பார்கள். அப்போது கேரியரைத் தூக்குவது வேறு யாராவதுதான். நடைமுறையில் 'தூக்கும்' பயன் நான்கைந்து மாதம்தான். அதன்பின் அதுவும் காரிலேயே கிடக்கும்.

ஒரு வேனிற்கால லாபம் மட்டும் மிஞ்சும். மே மாத வெயிலில் நின்ற காரில் கன்வெர்டிபிளின் உலோக பக்கிள் தொட்டால் கை சுடும். கேரியரை வீட்டுக்குள் எடுத்துவைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. கன்வெர்டிபிள் வைத்திருப்பவர்கள் சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு போர்த்தி வையுங்கள், மாட்டும்முன் பக்கிளை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள்.

கன்வெர்டிபிளில் பிசகும் இடங்கள்

பெட்டியில் '0–18 கிலோ' என்று பெரிதாக இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள வரியைத் தேடுங்கள்: பின்னோக்கி எத்தனை கிலோ வரை? 13 என்றிருக்கலாம், 18 என்றும் இருக்கலாம். சில மலிவான சீட்டுகளில் 10தான், அதாவது பின்னோக்கி உட்கார்த்தும் காலத்தில் அது கேரியரைவிடக் குறைவு. ஆர்44 சீட்டில் 9 கிலோ வந்ததும் முன்னோக்கித் திருப்ப அனுமதி உண்டு. ஒரு வயதில் ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6, பெண் குழந்தைக்கு 8.9. எனவே பல குழந்தைகளை முதல் பிறந்தநாளுக்கு முன்பே திருப்பிவிடுகிறார்கள். கால் மடங்கியிருக்கிறதே என்ற பரிதாபம் வேறு. கால் மடங்குவதால் எதுவும் ஆகாது. ஆர்129 விதி 15 மாதம் நிறையும்வரை திருப்பக்கூடாது என்கிறது. ஆர்44 சீட்டுக்கும் அதையே கடைப்பிடியுங்கள், சீட் அனுமதித்தால் அதற்கு மேலும் தள்ளிப்போடுங்கள். கேரியருக்கு இந்தச் சபலம் இல்லை, அதைத் திருப்பவே முடியாது. அதில் எடைக்கு முன் உயரம்தான் தீரும்: தலையுச்சி ஓட்டின் விளிம்பைத் தொட்டால் அதன் காலம் முடிந்தது. பெரும்பாலும் இது முதல் பிறந்தநாளை ஒட்டி வரும்.

பச்சிளம் குழந்தைக்குக் கன்வெர்டிபிள் பொருந்துமா என்பதற்கு ஒரே சோதனை தோள் வார். பின்னோக்கிய சீட்டில் வார் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். மிகத் தாழ்ந்த துளையே 2.5 கிலோ குழந்தையின் தோளுக்கு மேலே இருந்தால், 'பிறந்ததிலிருந்து' என்று அட்டையில் போட்டிருந்தாலும் அந்தக் குழந்தைக்கு அந்த சீட் ஆகாது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குக் கேரியர் பெரும்பாலும் கச்சிதமாக அமையும்.

பெல்ட்டால் பொருத்தும் முறை: முதலில் சாய்வைப் பின்னோக்கிய நிலையில் வையுங்கள். பெல்ட்டை நீலப் பாதையில் நுழைத்துப் பூட்டுங்கள். முழங்காலை சீட்டில் அழுத்தி, இடுப்பு பெல்ட்டை முதலில் இழுத்து, பிறகு தோள் பெல்ட்டை இறுக்குங்கள். சீட்டில் லாக்-ஆஃப் கிளிப் (பெல்ட் தளராமல் பிடிக்கும் கவ்வி) இருந்தால் அதை மூடுங்கள். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் அசையக்கூடாது. எவ்வளவு இழுத்தாலும் இறுகவில்லை என்றால் பக்கிளைப் பாருங்கள். காரின் பக்கிள் தண்டு நீளமாக இருந்து சீட் சட்டத்தின் வளைவில் முட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை. இடம் மாற்றுங்கள், அல்லது வேறு சீட்.

இடம் இன்னொரு பிரச்சினை. பின்னோக்கிச் சாய்த்த கன்வெர்டிபிள் சிறிய ஹேட்ச்பேக்கில் முன்சீட்டை முன்னே தள்ளிவிடும். ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் உயரமானவர் ஓட்ட முடியாது. இடப்பக்கப் பின்சீட் நல்லது. நடைபாதைப் பக்கமாகக் குழந்தையை ஏற்றலாம், இறக்கலாம். முன்சீட்டில் ஏர்பேக் இருந்து அது அணைக்கப்படாமல் இருந்தால், எந்தப் பின்னோக்கிய சீட்டையும் அங்கே வைக்கக்கூடாது. ஏர்பேக் வெடித்து சீட்டின் முதுகில் அறையும், அது குழந்தையின் தலைக்கு நேர் பின்புறம்.

ஐசோஃபிக்ஸ் உள்ள கார் என்றால்

பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் 280 மி.மீ. இடைவெளியில், 6 மி.மீ. தடிமனில் இரண்டு கம்பிகள் இருக்கும்; ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இவைதான். சீட்டின் கைகள் அதில் கவ்வி, குறிகாட்டி பச்சையாகும். மூன்றாவது பிடி ஒன்று கட்டாயம் வேண்டும்: சீட்டின் மேல்புறத்திலிருந்து காரில் மாட்டும் பட்டை, அல்லது தரையில் ஊன்றும் கால். ஊன்றுகால், தரைக்கு அடியில் பெட்டி உள்ள கார்களில் அந்த மூடியின் மேல் நிற்கக்கூடாது. கீழே வெற்றிடம் என்பதால் மூடி உடையும். இந்த வசதி இருக்கும் வீட்டுக்காருக்குக் கன்வெர்டிபிள் நிஜமாகவே சுலபம், பெல்ட் பிசகுகள் பாதி போய்விடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் சீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. அங்குள்ள கார்களில் பெல்ட்டே இறுகிப் பூட்டிக்கொள்ளும், சீட்டை அதை நம்பி வடிவமைத்திருப்பார்கள். நம் கார்களின் பெல்ட் பெரும்பாலும் திடீர் பிரேக்கில் மட்டும் பூட்டும், மற்ற நேரம் தளர்ந்துவிடும். சீட்டில் லாக்-ஆஃப் இல்லாவிட்டால் பெல்ட்டில் கட்ட வேண்டாம். காரில் ஐசோஃபிக்ஸ் கம்பி இருந்தால் அந்த சீட்டின் கொக்கிகளை அதில் மாட்டலாம்.

இரண்டுக்கும் பொதுவாகச் சில. குழந்தையைத் துணியில் சுற்றி சீட்டில் வைத்தால் கால்களுக்கு நடுவே வார் போகாது. சுற்றலை அவிழ்த்து, வாரைப் பூட்டி, தோளருகே கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பிறகு மேலே துணியைப் போர்த்தலாம். சீட்டில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் எண்ணும் கொண்ட ஆரஞ்சு முத்திரை அல்லது இந்தியத் தரமான ஏஐஎஸ்-072 குறிப்பு இல்லையென்றால் அது வீட்டில் குழந்தையை ஆட்டும் ராக்கர்தான், 'கார் சீட்டாகவும் பயன்படும்' என்று விற்றாலும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்டவரைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. யாரோ தெரியாதவரின் பழைய சீட் வேண்டாம், மோதியதா என்பது வெளியே தெரியாது. அக்கா வீட்டிலிருந்து வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஓட்டின் அடியில் அச்சடித்த தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்.

முதல் ஆறு மாதம் பல கார்கள், டாக்ஸி, எடை குறைந்த குழந்தை: பெல்ட்டால் கட்டும் கேரியர், பேஸ் வேண்டாம், ஒரு வயதில் கன்வெர்டிபிள். அக்காவின் கேரியர் கைக்கு வந்தால் இந்த வழியில் செலவும் பெரிதாக ஏறாது. ஒரே கார், அதில் ஐசோஃபிக்ஸ், நல்ல எடையுள்ள குழந்தை: பின்னோக்கி 18 கிலோ வரை தாங்கும் கன்வெர்டிபிள் ஒன்றே போதும். கார் சின்னது, பெல்ட்டும் எட்டவில்லை என்று இரண்டும் சிக்கலாக இருந்தால், கேரியரையும் கன்வெர்டிபிளையும் ஒரே நாளில் அதே காரில் வைத்துப் பாருங்கள். முன்சீட்டில் உட்காருபவரின் முழங்கால் டாஷ்போர்டில் முட்டாமல், சீட்டும் ஆடாமல் நிற்பது எதுவோ அதை எடுங்கள்.