பாஞ்சோவின் பக்கத்தில் டல்சிமர்: ஏழு ஆண்டுச் சுருதி அனுபவம்

மவுண்டன் டல்சிமரை நான் வாங்கியபோது கடைக்காரர் அதை டி–ஏ–டி (மேற்கத்திய சுரப்பெயர்கள்) என்று சுருதி சேர்த்துக் கொடுத்தார். ஏழு ஆண்டுகள் கழிந்தும் பெரும்பாலான மாலைகளில் அது அந்தச் சுருதியிலேயே இருக்கிறது. மடியில் கிடத்தி வாசிக்கும் இந்த அப்பலாச்சிய மலைக்கருவியில் தடித்த அடிக்கம்பி டி, நடுக்கம்பி ஏ, ஒரே சுரத்தில் சேர்த்த மெல்லிய இரட்டைக் கம்பிகள் மேல் டி. என்னுடையதில் கம்பிகள் அதிரும் நீளம் 28 அங்குலம். நான் வசிக்கும் கிழக்கு டென்னசியில் அண்டைவீட்டார் ஒருவர், நகத்தால் கம்பிகளைக் கீழ்நோக்கித் தட்டும் கிளாஹாமர் முறையில், பறைபோன்ற முகமும் ஐந்து கம்பிகளும் கொண்ட பாஞ்சோ வாசிப்பவர். அவருடன் திண்ணையில் உட்கார்ந்து பழைய நடன மெட்டுகளை வாசித்த அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நான் செய்த தவறு, டல்சிமரைத் தனிக்கருவியாக நினைத்து மின்னணுச் சுருதிமானியைப் பார்த்தே கம்பிகளைச் சேர்த்தது. மானி சரி என்று காட்டும். சேர்ந்து வாசித்தால் இரண்டு கருவிகளும் ஒட்டாது. பாஞ்சோக்காரர் கேப்போ (கம்பிகளைக் கழுத்தில் ஓரிடத்தில் அழுத்திப் பிடித்துச் சுருதியை உயர்த்தும் கவ்வி) பூட்டும்போது கம்பிகள் சற்று இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது என்பதும், அவருடைய கருவியில் இருப்பது தோல் முகம் என்பதால் ஈரக்காற்றில் அது தொய்ந்து சுருதி இறங்குகிறது என்பதும் பிறகுதான் புரிந்தன. இப்போது அவர் கேப்போவைப் பூட்டிச் சரிபார்த்து முடித்த பிறகே நான் என் பிரடைகளைத் தொடுகிறேன்.

டி மெட்டுகளுக்குப் பாஞ்சோவை ஏ–டி–ஏ–டி–ஈ என்று வைப்பார்கள். குட்டையான ஐந்தாவது கம்பியை முதலில் சொல்வது வழக்கம். அதில் நான்காவது, மூன்றாவது, இரண்டாவது கம்பிகள் என் டி–ஏ–டியோடு அப்படியே ஒத்துப்போகின்றன. ஸ்தாயி வேறுபாடுகூட இல்லை. அவர் ஒவ்வொரு கம்பியாகத் தட்ட, நான் அதே கம்பியை மீட்டிப் பிசிறு அடங்கும்வரை திருகினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதைக் கவனிப்பதற்கே எனக்கு ஓராண்டு பிடித்தது. அதன்பின் எந்தச் சுருதிக்கு மாறினாலும், பாஞ்சோவின் எந்த மூன்று கம்பிகள் என்னுடையவை என்பதையே முதலில் தேடுகிறேன்.

ஏ மெட்டுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. பாஞ்சோ அப்போது ஏ–ஈ–ஏ–சி ஷார்ப்–ஈ ஆகிவிடும். நான் நான்காவது ஃபிரெட்டில் (கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கட்டை) கேப்போ பூட்டினால் டல்சிமர் ஏ–ஈ–ஏ ஆகிறது. அவை பாஞ்சோவின் மூன்றாவது, முதல், ஐந்தாவது கம்பிகள். டல்சிமரின் ஃபிரெட்டுகள் கிட்டாரைப் போலப் பன்னிரண்டு சுரங்களுக்கும் இல்லாமல் ஏழுசுர அமைப்பில் இருப்பதால், ஆதாரத்தை நகர்த்தினால் மேளமே மாறுகிறது. நம் இசையில் கிரகபேதம் என்பது இதுதான். ஆறாவதற்கும் ஏழாவதற்கும் இடையே பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட ஆறரையாம் ஃபிரெட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், திறந்த கம்பியிலிருந்து ஹரிகாம்போஜி, மூன்றாவது ஃபிரெட்டிலிருந்து சங்கராபரணம், நான்காவதிலிருந்து கரகரப்பிரியா. ஆகவே நான்காவதில் கேப்போ இருக்கும்போது ஆறாவது ஃபிரெட்டை அழுத்தினால் ‘மோடல்’ என்று அவர்கள் சொல்லும் இருண்ட மெட்டுகளுக்கான சி கிடைக்கிறது. ஆறரையை அழுத்தினால் சி ஷார்ப் கிடைத்து, ‘ஓல்டு ஜோ கிளார்க்’ போன்ற ஹரிகாம்போஜிச் சாயல் மெட்டுகள் தடையின்றி வருகின்றன. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு மிக்சோலிடியன், டோரியன் என்ற மேற்கத்திய பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இது எளிது.

குறை ஒன்று உண்டு. கேப்போவுக்குப் பின் கம்பியின் நீளம் மூன்றில் இரண்டாகக் குறுகுவதால் ஒலி மெலிந்து, பாஞ்சோவின் கணீரொலியில் டல்சிமர் மறைந்துபோகிறது. அவர் பாஞ்சோவின் முகத்துக்குப் பின்னால் ஒரு பழந்துணியைத் திணித்துக்கொண்டது எனக்காகத்தான்.

இதைத் தவிர்க்க ஈ–ஏ–ஈ என்று முயன்றேன். நடுக்கம்பியைத் தொடாமல் மற்றவற்றை ஒரு முழுச்சுரம் ஏற்றினால் போதும். பாஞ்சோவின் நான்காவது, மூன்றாவது, முதல் கம்பிகளோடு அவை பொருந்துகின்றன, ஒலியும் நிறைவாக இருக்கிறது. ஆனால் ஒரு முழுச்சுர ஏற்றம் கம்பியின் இழுவிசையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூட்டுகிறது. மூன்றாம் முறை ஏற்றியபோது, துருவேறிய 0.012 அங்குல மெல்லிய கம்பி அறுந்து என் கட்டைவிரலைக் கீறியது. புதுக்கம்பி தாங்கும் என்றாலும் ஒரு மாலைக்குள் ஏற்றி இறக்கினால் சுருதி நிலைப்பதில்லை. முழு மாலையும் ஏ மெட்டுகள் என்று முன்பே தெரிந்தால் மட்டும் ஈ–ஏ–ஈ வைக்கிறேன். மோடல் மெட்டுகள் கலந்துவந்தால் அதில் சி கிடைக்காது என்பதால் கேப்போவுக்கே திரும்பவேண்டியிருக்கிறது.

ஜி மெட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நடுக்கம்பியை மட்டும் ஏயிலிருந்து ஜிக்கு இறக்கி, மூன்றாவது ஃபிரெட்டை ஆதாரமாகக் கொண்டால் ஆயிற்று.

கடந்த இரண்டு ஆண்டுகளாக டி மெட்டுகளில் சிலவற்றுக்குப் பழையவர்களின் டி–ஏ–ஏ முறைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மெல்லிய கம்பிகளை நடுக்கம்பியின் ஏ வரை இறக்கிவிட்டு, சிறு மூங்கில் குச்சியை அவற்றின்மேல் அழுத்தி நகர்த்தி வாசிக்கும் முறை அது. ஆதார டி மூன்றாவது ஃபிரெட்டுக்குப் போவதால், அதற்குக் கீழே இறங்கும் ஏ, பி, சி ஷார்ப் மூன்றும் அதே கம்பியில் கிடைக்கின்றன. டி–ஏ–டியில் அவற்றுக்காக நடுக்கம்பிக்குத் தாவவேண்டும், குச்சியால் அது ஆகாது. ஆறரையாம் ஃபிரெட்டின் தேவையும் இல்லை. பக்கத்தில் பாஞ்சோவின் ஐந்தாவது கம்பி விடாமல் ஏ என்று ஒலிக்க, என் நடுக்கம்பியும் அடிக்கம்பியும் மாறாமல் இரைய, ஒரே மெட்டைப் பத்து, பதினைந்து முறை திரும்பத் திரும்ப வாசிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சுருதி எனக்கு அமையவில்லை. தளர்ந்த கம்பி குச்சியின் கீழ் கரகரப்பதால், அந்த மாலைகளில் மட்டும் மெல்லிய கம்பிகளை ஒரு படி தடித்தவையாக மாற்றிக்கொள்கிறேன்.